மைக் வேண்டாம் என்றார் இடி சார்

அந்தப் பல்கலைக்கழகத்தில் சிவில் துறை எங்கே இருக்கிறது என்று யாரிடமும் வழி கேட்க வேண்டாம். மாடிப்படியில் நின்றாலே போதும், இடி சாரின் குரல் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் மாடியில் அவர் பாலம் கட்டுவது எப்படி என்று பாடம் நடத்துவார். கீழே நூலகத்தில் கதைப்புத்தகம் படிப்பவனுக்கும் பாதிப் பாலம் கட்டத் தெரிந்துவிடும். அப்படி ஒரு தொண்டை! பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மாணவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும், ஏன், வாசல் காவலாளிக்கும்கூட அவர் இடி சார்தான். அது அவருக்கும் தெரியும். வெளியே முறைப்பார், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

மனுஷரைக் குறை சொல்ல முடியாது. தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ஒரு வகுப்புக்குத் தாமதமாகப் போனதில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவருக்கு ஆகாது: ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி. "நான் மேம்பட்டு முடிச்சு ரொம்ப நாளாச்சு. இனிமே மேல போகணும்னா கூரையைப் பிரிக்கணும்" என்பார். பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால் போவார், கையெழுத்துப் போடுவார், எல்லார் கண்ணிலும் படும்படி முதல் வரிசையில் உட்கார்வார். தேநீர் இடைவேளை வந்ததும் ஆளைக் காணோம். தன் அறையில் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு மேம்பட்டுக்கொண்டிருப்பார். அப்படிச் சம்பாதித்த சான்றிதழ்களே ஒரு இழுப்பறை நிறைய இருந்தன.

அவருடைய குறையெல்லாம் பிள்ளைகள் மேல்தான். முன்பெல்லாம் கேள்வி கேட்டால் பத்துப் பேர் எழுந்து நிற்பார்களாம். இப்போது உள்ளவர்கள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்களாம். "வாயைத் தைச்சுக்கிட்டா வந்திருக்கீங்க?" என்று நாள் தவறாமல் கர்ஜிப்பார். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு பதிலையும் தானே சொல்லிக்கொள்வார்.

வகுப்புக்கு வெளியே அவர் தங்கம். மேசை அருகே யார் வந்து எதைக் கேட்டாலும், "நல்லது, அப்படியே செய்" என்பார். அதற்குமேல் கேள்வி கிடையாது. இவரிடம் போனால் காரியம் முடிந்த மாதிரிதான் என்று பிள்ளைகளுக்குள் ஒரு பேச்சு உண்டு. எதையும் இரண்டாம் தரம் சொல்லச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. "என்ன சொன்னே?" என்று வாத்தியார் மாணவனைக் கேட்பதாவது!

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். அவள் மருத்துவமனை மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் கவுன்டரில் நின்று, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வீடு திரும்பும்போது குரல் தேய்ந்திருக்கும். கொஞ்ச காலமாக அவள் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். ஏதோ மனத்தாங்கல் என்று அவருக்கும் புரிந்தது. என்னவென்று கேட்டால் வம்பு வளரும், தானாகச் சரியாகிவிடும் என்று பத்திரிகையை விரித்துக்கொண்டார்.

இந்த வருஷம் பயிற்சியிலிருந்து நழுவ முடியவில்லை. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பு ஒன்றைப் படம் பிடித்துக் கொண்டுவர வேண்டும், ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்று புதிதாக ஒரு ஏற்பாடு. அதற்கென்று ஒரு பயிற்சி மேடம் வேறு வந்திருந்தார். இடி சார் முணுமுணுத்தார். பிறகு, சரி, பிள்ளைகளின் லட்சணத்தை ஊரே பார்க்கட்டும் என்று சம்மதித்தார்.

படம் பிடிக்கிற நாளன்று காமிராக்காரர் சட்டையில் மாட்டுகிற குட்டி மைக்கோடு வந்தார்.

"இது எதுக்கு?"

"உங்க குரல் பதிவாகணும் சார்."

"என் குரலுக்கா? ஐயா, நான் வாயைத் திறந்தா உங்க மிஷின் தாங்குமான்னு முதல்ல பாருங்க. மைக்கெல்லாம் வேண்டாம். எடுங்க, எடுங்க."

காமிராக்காரர் எத்தனை வாத்தியார்களைப் பார்த்தவர்! பேசாமல் மைக்கைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த முதல் பெஞ்சின் நடுவில் வைத்தார். காமிராவைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தி இடி சாரைப் பார்க்கத் திருப்பினார். வேலை முடிந்தது.

மூன்று வாரம் கழித்துத்தான் அவருடைய முறை வந்தது. அதற்குள் மூன்றாம் பெஞ்சுப் பெண் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். சோதனைத் தாளில் ஒரு கணக்கைக்கூட விடாதவள். "இன்னொருத்தியும் கழண்டுகிட்டா. கஷ்டப்பட்டுப் படிக்க இதுங்களுக்கு எங்க பொறுமை?" என்று பக்கத்து அறை இயற்பியல்காரரிடம் சலித்துக்கொண்டார். இயற்பியல்காரர் இவரோடு அதே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். அடித்தொண்டையில் பேசுகிறவர். இடி சாரோடு அரட்டை அடிக்க அந்தக் கட்டிடத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள்.

பயிற்சி மேடம் ஒரு சட்டம் வைத்திருந்தார். படம் ஓடும்போது யாரும் பேசக் கூடாது. முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர் வகுப்பு நடத்தியவர். தன் வகுப்பில் தான் என்ன கண்டோம் என்று அவரே சொல்லிவிட வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறக்கலாம். இடி சாருக்கு முன்னால் வரலாற்று ஆசிரியை தன் படத்தைப் பார்த்துவிட்டு, "அடக் கடவுளே, வார்த்தைக்கு வார்த்தை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேனே, எனக்கே ஓடிப் போகணும் போலல்ல இருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். இடி சாரும் சிரித்தார்.

அடுத்து இவர் படம். திரையில் தன்னைப் பார்த்ததும் இடி சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரவாயில்லை, தொப்பை அவ்வளவாகத் தெரியவில்லை. பலகையில் ஒரு நீளமான உத்தரம் வரைந்தார், இரண்டு தாங்கிகள் வரைந்தார், எடையை எங்கெங்கே வைப்பது என்று முழங்கினார். ஒரு கேள்வி கேட்டார். வகுப்பைப் பார்த்தார். "வாயைத் தைச்சுக்கிட்டா வந்திருக்கீங்க?" என்றார். பதிலைத் தானே எழுதினார். இன்னொரு கேள்வி. மறுபடியும் அதே. கடைசியில் கணக்கு இடித்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் சேரவில்லை. "எங்க தப்புன்னு ஒருத்தருக்குமே தெரியலையா? பிரமாதம்! நீங்க கட்டற பாலத்துல முதல்ல உங்க வீட்டு ஆளுங்களை நடக்க விடுங்க!" என்று வெடித்துவிட்டுப் பலகையை அழிக்கத் திரும்பினார். யாரோ ஒரு பெண் மேசை அருகே வந்து நிற்பது முதுகுப்பக்கமாகத் தெரிந்தது. கையால் அழித்துக்கொண்டே, "நல்லது, அப்படியே செய்" என்றார். படம் முடிந்தது.

நடுவில் ஒருமுறை இடி சார் அறையைச் சுற்றிப் பார்த்திருந்தார். வரலாற்று ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இயற்பியல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வகுப்பின் கதியைப் பார்த்து இவர்களுக்கே பரிதாபமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இப்போது எழுந்து நின்றார்.

"பாத்தீங்கல்ல? உங்க கண்ணாலயே பாத்தீங்க. எத்தனை கேள்வி கேட்டேன்! ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாயைத் திறந்தாங்களா? இதைத்தான் நான் வருஷக்கணக்கா அடிச்சுக்கறேன்!"

எல்லாரும் அவரை ஏதோ அந்நிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். வரலாற்று ஆசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். முகம் சிவந்திருந்தது.

"சார், விளையாடறீங்களா?" குரலை உயர்த்தித்தான் கேட்டார். "அந்தப் பொண்ணு ஆரம்பத்துலேருந்து மைனஸ் வரும் சார், மைனஸ் வரும் சார்னு கெஞ்சிக்கிட்டிருக்கா. கடைசியில வகுப்பே சொல்லுது. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. கடைசியில அவங்களையே திட்டறீங்க. எப்படி சார் மனசு வருது?"

"எந்தப் பொண்ணு?" என்றார் இடி சார்.

அவர் முகத்தில் நடிப்பு இல்லை. அதுதான் எல்லாரையும் உலுக்கிவிட்டது. அவர் உண்மையாகவே கேட்கிறார்!

இயற்பியல்காரருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். சத்தமில்லாமல் எழுந்தார். இடி சாரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தன் அடித்தொண்டையை விட்டுவிட்டு மெல்லிய குரலில், "ஏம்பா, உன் சட்டை பின்னாடி கிழிஞ்சிருக்கு" என்றார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. இடி சார் திரும்பவில்லை. இயற்பியல்காரர் இன்னொரு தரம், இன்னும் பக்கத்தில் போய்ச் சொன்னார். இடி சார் எதிரே இருந்தவர்களையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

வரலாற்று ஆசிரியை எழுந்த வேகத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயிற்சி மேடத்தின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. எல்லார் கண்ணும் தன் தோளைத் தாண்டிப் போவதைப் பார்த்துத்தான் இடி சார் திரும்பினார். பின்னால் அவருடைய நண்பர் கண் கலங்கி நின்றார். இடி சாருக்குத் திக்கென்றது.

பயிற்சி மேடம் முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக உரக்கச் சொன்னார். "சார், இதைக் காதுல மாட்டிக்கங்க. இன்னொரு தடவை போடறேன். படத்தைப் பார்க்க வேண்டாம், கேளுங்க, போதும்."

தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தத்தை முழுக்கத் திருகினார்.

முதலில் தன் குரலைக் கேட்டு அவரே மிரண்டார். அப்பா, என்ன அதட்டல்! இதற்கு எதிரே எந்தப் பிள்ளைக்குக் குரல் எழும்பும்? பிறகு மின்விசிறி கிறீச்சிட்டது. யாரோ பேனாவைத் தட்டினார்கள். அவர் தன் முதல் கேள்வியைக் கேட்டு நிறுத்திய இடத்தில், இத்தனை நாளும் வெறும் மௌனம் என்று நினைத்திருந்த அந்த இடத்தில், ஒரு பெண் குரல் தெளிவாக எழுந்தது.

"இடப்பக்கத் தாங்கி உத்தரத்தைக் கீழ இழுக்கும் சார். அதனால அங்க மைனஸ் வரும்."

"வாயைத் தைச்சுக்கிட்டா வந்திருக்கீங்க?" என்றது அவர் குரல்.

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. அடுத்த கேள்விக்கும் பதில் இருந்தது. அதற்கடுத்ததற்கும் இருந்தது. "சொல்லாத, சார் நம்ம பதிலையெல்லாம் மதிக்க மாட்டார்டி" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது கேட்டது. "எதுக்கும் சொல்லிப் பார்க்கறேன்" என்றாள் முதலில் பதில் சொன்ன பெண். மறுபடி சொன்னாள். அவர் கணக்கைத் தப்பாகவே போட்டு முடித்து அவர்களைத் திட்டியபோது வகுப்பே முணுமுணுத்தது: மைனஸ், சார், மைனஸ்.

இடி சார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். போதும் என்று ஹெட்ஃபோனைக் கழற்றப் போனார். பயிற்சி மேடம் தலையசைத்து, இன்னும் இருக்கிறது என்று சைகை காட்டினார். அவர் முகமும் வெளிறிப் போயிருந்தது.

பலகையை அழிக்கிற சத்தம். அதே பெண் குரல், இப்போது மைக்கை ஒட்டி.

"சார், ஒரு நிமிஷம். அப்பாவுக்கு உடம்பு முடியல. எனக்குக் காலையில ஒரு கடையில வேலை கிடைச்சிருக்கு. இதே பாடத்தை நீங்க மத்தியானம் இன்னொரு பிரிவுக்கு நடத்தறீங்கல்ல, அதுல வந்து உக்காந்துக்கலாமா சார்?"

அழிக்கிற சத்தம் மட்டும்.

"முடியாதுன்னா... படிப்பை நிறுத்திடட்டுமா சார்?"

"நல்லது, அப்படியே செய்."

பிறகு, "சரிங்க சார். தேங்க்ஸ் சார்."

இடி சார் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. எல்லாரும் அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தார்கள். "தேங்க்ஸ்ன்னுட்டுப் போயிருக்கா" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூட எட்டவில்லை.

அதற்குப் பிறகு அவரால் உட்கார முடியவில்லை. இயற்பியல்காரரை இழுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் படிப்பை நிறுத்துவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள், நாளைச் சாயங்காலத்தோடு பெயரை எடுத்துவிடுவோம், எடுத்தபின் திரும்பச் சேர்க்க வழியே இல்லை என்றார். இடி சார் அவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். குமாஸ்தா சொன்னதை இயற்பியல்காரர் திரும்பச் சொன்னார். வகுப்புப் பிரதிநிதியிடம் பேசி அந்தப் பெண்ணின் நம்பரையும் வாங்கிக் கொடுத்தார்.

"நானே பேசிடறேன்பா. உனக்கு எதுக்குச் சிரமம்?"

"வேண்டாம். போன்னு சொன்னது நான்தான். வான்னும் நான்தான் சொல்லணும்."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் போட்டார். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "நான்தான் சார் பேசறேன்" என்று ஆரம்பித்து, வகுப்புக்கு வா, மத்தியானம் வா என்று பொரிந்து தள்ளினார். அந்தப் பக்கத்திலிருந்து கீச்சென்று ஏதோ வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை. வருகிறேன் என்கிறாளா, மாட்டேன் என்கிறாளா, அழுகிறாளா? காதை மாற்றி வைத்துப் பார்த்தார். போனை அழுத்தி அழுத்திக் காது வலித்ததுதான் மிச்சம். நாக்கு நுனிக்குத் தானாக வந்து நின்றது அந்தப் பழைய வாக்கியம். இடி சார் அதை அப்படியே விழுங்கினார்.

போனைக் கையில் பிடித்தபடி அடுப்படிக்குப் போனார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எனக்குக் காது கேக்கல."

கத்தி நின்றது.

"காது கேக்கல எனக்கு. ரொம்ப நாளாவே கேக்கல போலிருக்கு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். இந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லு. என்னால ஒரு பொண்ணு படிப்பை விட்டுட்டுப் போயிருக்கு. நாளைக்குச் சாயங்காலம் அலுவலகத்துல அவ பேரையே எடுத்துடுவாங்க."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபமா, பயமா என்று சொல்ல முடியாத ஒரு பார்வை. கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "ஏம்மா, நான் சாரோட வீட்டுக்காரி பேசறேன். சொல்லும்மா" என்றாள். நிறைய நேரம் கேட்டாள். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு அவர் முகத்துக்கு நேராக, கவுன்டரில் பேசுகிற குரலில் உரக்கச் சொன்னாள்.

"நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்களாம். படிப்பை விடட்டுமான்னு கேட்டதுக்கு..." அங்கே அவளுக்கே பேச்சு நின்றுபோயிற்று. "நல்லது, அப்படியே செய்னு சொன்னீங்களாம்."

"ஆமா" என்றார் இடி சார். "சொன்னேன். அவ கேட்டது என் காதுல விழல."

மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தப் பெண் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள். பிறகு மனைவி போனைக் காதில் வைத்துப் பேசினாள்.

"அம்மாடி, நீ கேட்டது அவருக்குக் கேக்கலம்மா. அவருக்குக் காது கேக்காது. யாருக்கும் தெரியாது. கட்டிக்கிட்ட எனக்கே இப்பதான் தெரியும். நாளைக்கு மத்தியானம் வந்துடு. அலுவலகத்துல சார் நின்னுக்கிட்டிருப்பார், உன் பேரை எடுக்க விட மாட்டார். முன்னாடி பெஞ்சுல உக்காரு. சத்தமாச் சொல்லு, பயப்படாத. அவர் கத்தினா நீயும் கத்து." இன்னும் கொஞ்சம் கேட்டாள். "வராளாம்" என்றாள் அவரிடம்.

இடி சார் அப்படியே அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். மனைவி போனை மேசையில் வைத்தாள். ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது, வார்த்தை வரவில்லை.

"நல்ல..." என்று ஆரம்பித்தவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கேக்கல. மறுபடி சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அவள் கேட்டிராத வாக்கியம் அது. அவள் கிட்டே வந்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, இதே இடத்துல நின்னுக்கிட்டு, இந்த வீட்டுல எனக்குப் பேச ஆளே இல்ல, நான் எங்க அக்கா வீட்டுக்கே போயிடறேன், இனிமே வரமாட்டேன்னு சொன்னேன். நீங்க பேப்பர்லேருந்து தலையைத் தூக்கல. நல்லது, அப்படியே செய்ன்னீங்க."

இடி சாருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் அக்காவைப் பார்க்கப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். பெட்டி கனமாக இருக்கிறதே என்று அவரேதான் அதைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினார். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, பத்திரமாகப் போ என்று கையாட்டினார். எப்பேர்ப்பட்ட புருஷன் நான் என்று அன்றைக்கு அவருக்கு ஒரே திருப்தி.

"பெட்டியை நான்தானே..." என்றார்.

"நீங்கதான். சிரிச்ச முகத்தோட ஏத்திவிட்டீங்க. வழி பூரா அழுதுக்கிட்டே போனேன்."

"அப்புறம் ஏன் திரும்பி வந்த?"

"அப்படி என்னதான் தப்புப் பண்ணேன்னு உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வந்த அன்னிக்கே கேட்டேன். அதுக்கும் நல்லதுன்னுட்டீங்க. அதோட நான் கேக்கறதை விட்டுட்டேன்."

இடி சார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். காய்த்தோல் ஒட்டிய ஈரக் கை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"இன்னும் என்னென்ன சொன்ன?" என்று கேட்டார். "எல்லாத்தையும் சொல்லு."

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து, அவர் காதோரமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த வருஷத்துலேருந்து ஆரம்பிக்கறது?" என்றாள்.